செட்டிநாட்டை நிதானமாகப் பார்ப்பது எப்படி? மூன்று நாளுக்கான முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, பட்டியல் போடுவது. காலையில் பிள்ளையார்பட்டி, பத்து மணிக்குக் குன்றக்குடி, பதினொன்றுக்கு ஆத்தங்குடி, பன்னிரண்டுக்குக் கானாடுகாத்தான், சாப்பிட்டதும் திருமயம். வண்டிக்காரரும் சரி சரி என்று தலையாட்டுவார். ஆனால் பன்னிரண்டரை, ஒரு மணிக்கெல்லாம் கோயில் நடை சாத்திவிடும். மறுபடி திறக்க நாலு மணி ஆகும். பெரிய வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவரும் சாப்பிடப் போய்விடுவார். பகல் வெயிலில் பூட்டிய கதவுகளைப் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் நிறைய.

இந்த ஊருக்கென்று ஒரு நேரக்கணக்கு உண்டு. விடியற்காலை சாமிக்கு, முற்பகல் வீடுகளுக்கு, நடுப்பகல் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும், சாயங்காலம் மறுபடி சாமிக்கு. கீழே உள்ள திட்டம் முழுக்க இந்தக் கணக்கை ஒட்டியே போட்டது. காலையில் இரண்டு இடம், மாலையில் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். மிச்ச நேரம் உட்காருவதற்கு.

எப்போது வருவது

மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். பிராகாரக் கல்லில் கால் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மழையென்றால் பயப்பட வேண்டாம். நாலு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் வளவு (பெரிய வீட்டின் நடுக்கட்டு) முற்றத்தில் கொட்டுவதைப் பார்க்க அதுதான் பருவம்.

நாள் பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள். பௌர்ணமிக்கு அடுத்த நாலாம் நாள் சங்கடஹர சதுர்த்தி. அன்று பிள்ளையார்பட்டியில் நிற்க இடமிருக்காது. எட்டாம் நாள் தேய்பிறை அஷ்டமி. அன்று வைரவன்பட்டியில் கூட்டம். மூன்றாவது முகூர்த்த நாட்கள். வெளியூரில் இருக்கும் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) பலர் கல்யாணத்தைச் சொந்த ஊர் வீட்டில்தான் வைப்பார்கள். அந்த நாட்களில் தங்க அறை கிடைக்காது; பார்க்கத் திறந்திருக்கும் வீடும் பந்தல் போட்டிருக்கும்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் வந்தால் வேறொரு காட்சி. நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடைப்பயணம் கிளம்பும் காலம் அது. சாலையோரம் முழுக்க நடப்பவர்கள். அவர்களுக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டால் மோர், வெந்நீர், எலுமிச்சம்பழம் போதும். கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள், நிறுத்திவைத்துப் பேச்சுக் கொடுத்தால் நடை தளர்ந்துவிடும்.

வந்து சேர்வதும் தங்குவதும்

சென்னை எழும்பூரிலிருந்து காரைக்குடிக்கு நேர் ரயில் உண்டு. மதுரை, திருச்சி இரண்டிலிருந்தும் பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். விமானத்தில் வருகிறவர்களுக்கும் இந்த இரண்டு ஊர்தான்.

மூன்று நாளும் வாடகை வண்டி தேவையில்லை. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி பக்கம் பேருந்து அடிக்கடி ஓடுகிறது. கடைசி மைலுக்கு ஆட்டோ கிடைக்கும். ஆனால் திருமயம், கானாடுகாத்தான், ஆத்தங்குடி மூன்றையும் சேர்க்கும் இரண்டாம் நாளுக்கு வண்டி பேசியே ஆக வேண்டும். ஆத்தங்குடிக்குப் பேருந்து குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் போய்விடும். வண்டி பேசும்போது 'ஒவ்வொரு இடத்திலும் ஒன்றரை மணி நேரம் நிற்போம், காத்திருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், நீங்கள் கோயிலில் உட்கார்ந்திருக்கும்போது அவர் வெளியே ஹாரன் அடிப்பார். அவர் மேல் குற்றம் இல்லை.

தங்குவதற்கு இரண்டு வழி. பழைய வீடுகளையே விடுதியாக்கியவை கானாடுகாத்தான், கொத்தமங்கலம், கடியாபட்டி ஊர்களில் இருக்கின்றன; விலை அதிகம், ஆனால் இரவில் அந்த வளவில் உட்காரலாம். மற்றபடி காரைக்குடியில் சாதாரண லாட்ஜ். எங்கள் யோசனை: முதல் இரவு லாட்ஜ், இரண்டாவது இரவு வீட்டு விடுதி. பகலில் சுற்றிப் பார்க்கும் வீட்டைவிட, இரவில் விளக்கணைத்த வளவு வேறு மாதிரி இருக்கும்.

பையில் இருக்க வேண்டியவை

வேட்டி அல்லது புடவை, சுடிதார். ஒரு துண்டு. எளிதில் கழற்றக்கூடிய செருப்பு. ஒரு நாளில் பத்துத் தடவையாவது கழற்ற வேண்டியிருக்கும், ஷூ போட்டு வந்தவர்கள் மூன்றாவது இடத்திலேயே அலுத்துப்போவார்கள். ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களும் கொஞ்சம் சில்லறையும். வீடுகளில் நுழைவுக் கட்டணம் ரொக்கமாகக் கேட்பார்கள். உள் கிராமங்களில் போன் வழியாகப் பணம் அனுப்ப சிக்னல் கிடைக்காமல் போகும். கைக்குட்டை அளவில் நாலைந்து காகிதத் துண்டுகள். எதற்கென்று பிறகு சொல்கிறோம். ஒரு சின்ன நோட்டு, பேனா.

முதல் நாள்: பாறையில் பிள்ளையார், மலையில் முருகன்

முந்தின நாள் மாலையே காரைக்குடி வந்துவிட்டால் விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய் வாருங்கள். மற்றக் கோயில்களில் மூலவர் ஒன்று, வீதியுலா வரும் உற்சவர் வேறு. இங்கே கருவறையில் இருப்பவளேதான் உற்சவத்துக்கும் எழுந்தருள்வாள். ஊர்க்காரர்கள் வேலை முடிந்து வந்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காய்கறி வாங்கப் போவார்கள். பயணத்தைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பி, நடை திறக்கும் ஆறு மணிக்குப் பிள்ளையார்பட்டி வாசலில் இருங்கள். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று இது. (மற்றவை இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, நேமம். ஒன்பதையும் ஒரே பயணத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். அது வேறு மாதிரிப் பயணம்.) மலையைக் குடைந்த கோயில். பாறையிலேயே செதுக்கிய ஆறடிப் பிள்ளையார் வடக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறார். துதிக்கை வலப்பக்கம் சுழித்திருக்கும். கைகள் நாலு இல்லை, இரண்டுதான். பாசம், அங்குசம் கிடையாது. 'எக்காட்டூரு கோன் பெருந்தசன்' என்று குடைவரையில் ஒரு கல்வெட்டு உண்டு. செதுக்கிய தச்சனின் பெயர் என்று சொல்வார்கள். கட்டியவன் பெயர் இருக்கும் கோயில்கள் ஏராளம். உளி பிடித்தவன் பெயர் நிற்பது அபூர்வம்.

பிள்ளையாரைப் பார்த்ததும் முக்கால்வாசிப் பேர் நேரே பிரசாதக் கடைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் மருதீசர் சன்னதிப் பக்கம் திரும்புங்கள். அங்கே கூட்டம் குறைவு. காலை ஏழு மணி வெளிச்சம் கல்தூண்களுக்கு நடுவே சாய்ந்து விழும். உட்காருவதற்கு அதுதான் இடம்.

எட்டு மணிக்குச் சிற்றுண்டி. பிறகு பக்கத்திலேயே இருக்கும் வைரவன்பட்டி. அங்கே வளரொளிநாதரும் வடிவுடையம்மையும் இருந்தாலும் ஊருக்குப் பெயர் கொடுத்தவர் வைரவர்தான். இந்தக் கோயிலைச் சுற்றுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்; சிற்பங்கள் அப்படி. அவற்றில் ஒன்றை விட்டுவிடாதீர்கள்: ராமர் ஆஞ்சநேயரைக் கைகூப்பி நிற்கும் சிற்பம். எங்கேயும் ஆஞ்சநேயர்தான் ராமரைக் கும்பிடுவார். இங்கே, சீதையைக் கண்ட செய்தியைக் கொண்டுவந்தவனுக்கு ராமர் நன்றி சொல்கிறார் என்பது விளக்கம். கண்ணில் படாவிட்டால் குருக்களைக் கேளுங்கள், காட்டுவார்.

பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். சாப்பாடு, தூக்கம். இந்தத் தூக்கத்தைத் தியாகம் செய்கிறவர்களுக்குச் சாயங்காலம் கோயிலில் உட்கார்ந்ததும் கண் செருகும்.

மாலை நாலரைக்குக் குன்றக்குடி. காரைக்குடியிலிருந்து பத்து கிலோமீட்டர். அடிவாரத்தில் குடைவரைகள் இருக்கின்றன, முதலில் அவற்றைப் பாருங்கள். இருட்டினால் ஒன்றும் தெரியாது. பிறகு படியேறினால் மயில் மேல் அமர்ந்த சண்முகநாதர், வள்ளி தெய்வானையுடன். மருது சகோதரர்கள் திருப்பணி செய்த கோயில். தை, மாசியில் சூரியன் ஆறேகால் வாக்கில் மறையும். ஐந்தரைக்குள் தரிசனத்தை முடித்துவிட்டால் மேலேயிருந்து சுற்றுவட்டாரம் முழுக்க மஞ்சளாகி அடங்குவதைப் பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்குவதற்கு வெளிச்சம் மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும். ஏறுவது சுலபம், இறங்கும்போதுதான் வலி தெரியும்.

கோயிலில் உட்காருவது

இதை ஒரு தனிப் படியாகவே எழுதுகிறோம். ஏனென்றால் பலருக்கும் தரிசனம் முடிந்தபின் என்ன செய்வதென்று தெரிவதில்லை. செருப்பைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

தரிசனம் முடிந்து பிராகாரம் சுற்றி, கொடிமரத்துக்கு இந்தப் பக்கம் விழுந்து கும்பிட்டு எழுந்தால் சடங்கு முடிந்தது. அதற்குப் பிறகு உட்காருங்கள். இடம் தேர்ந்தெடுக்கும்போது: நடைபாதையில் வேண்டாம், கருவறைக்கு நேரே காலை நீட்டும்படி வேண்டாம், பலிபீடத்துக்கும் சன்னதிக்கும் நடுவே வேண்டாம். காற்று வரும் பக்கம், ஒரு தூணுக்கு அருகே. சாய்வதற்கு முன் தூணைப் பாருங்கள். மிச்ச விபூதியும் குங்குமமும் அப்பிக் கிடக்கும். காகிதத் துண்டு எடுத்துவரச் சொன்னது இதற்காகத்தான். கையில் மிஞ்சிய விபூதியைத் தூணில் கொட்டாமல் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நூற்றாண்டுச் சிற்பத்தின் மூக்கும் முழியும் மறைந்துபோவது இப்படிக் கொட்டியே.

போனை அணைத்துவிடுங்கள். வைப்ரேஷனில் வைப்பது அணைப்பதாகாது. பதினைந்து நிமிடம். முதல் ஐந்து நிமிடம் மனசு வண்டிக்காரர், சாப்பாடு, அடுத்த இடம் என்றுதான் ஓடும், ஓடட்டும். பிறகு ஏதாவது ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அபிஷேகத் தண்ணீர், மணி, புறா. வேண்டுதலை இந்தப் பதினைந்து நிமிடத்தில் கொண்டுவராதீர்கள். அதைச் சன்னதியிலேயே சொல்லியாயிற்று. இப்போது இந்தப் பயணம் நடக்கக் காரணமானவர்களை ஒவ்வொருவராக நினையுங்கள். லீவு கொடுத்தவர், வீட்டைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு அக்கா, முதன்முதலில் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போன தாத்தாவோ ஆயாவோ. மூன்று பேர் போதும். பத்துப் பேர் என்று வைத்துக்கொண்டால் ஆறாவது ஆளிலிருந்து அது வருகைப்பதிவு எடுப்பது போல ஆகிவிடும்.

குழந்தைகளை இப்படி உட்காரவைக்கப் பார்த்து யாரும் ஜெயித்ததில்லை. சிற்பத்தில் எத்தனை யாளி என்று எண்ணச் சொல்லுங்கள்; உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும்.

நன்றியைக் கையால் செய்ய விரும்பினால், கோயில் அலுவலகத்தில் அன்னதானத்துக்கோ விளக்கு எண்ணெய்க்கோ பணம் கட்டி ரசீது வாங்குங்கள். வாசலில் ஒட்டிக்கொள்கிற இடைத்தரகர் வழியாக வேண்டாம். இரவில் அறைக்கு வந்ததும் நோட்டை எடுத்து, அன்றைக்குக் கண்ட ஒரே ஒரு விஷயத்தை நாலு வரியில் எழுதுங்கள். ஊர், தேதி, நேரம் கட்டாயம். படம் ஐநூறு எடுப்பீர்கள், எதையும் திரும்பப் பார்க்கமாட்டீர்கள். அந்த நாலு வரியைப் பார்ப்பீர்கள்.

இரண்டாம் நாள்: கோட்டையும் வீடும்

காலை ஏழு மணிக்குத் திருமயம். பாறை சூடேறுவதற்கு முன் போக வேண்டும் என்பதால்தான் இதை முதலில் வைத்திருக்கிறோம். ஒரே குன்றின் அடிவாரத்தில் சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் என்று சிவனும் பெருமாளும் பக்கத்துப் பக்கத்தில். பெருமாள் கோயில் நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்கும்போது, கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். பெருமாளைச் சுற்றிப் பாறைச் சுவரில் தேவர்கள் ஒவ்வொருவராகத் தெரியத் தொடங்குவார்கள். அவசரப்பட்டவர்களுக்குப் பெருமாளின் முகம் மட்டும் தெரிந்திருக்கும்.

மேலே உள்ள கோட்டை 1687இல் கிழவன் சேதுபதி கட்டியது. தொல்லியல் துறைப் பராமரிப்பு, நுழைவுச்சீட்டு உண்டு. பாதி உயரத்தில் ஒரு பாறையைக் குடைந்து சிவலிங்கம் வைத்திருக்கிறார்கள், இரும்பு ஏணியில் ஏற வேண்டும். உச்சியில் பழைய பீரங்கி. வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள். போகிற வழியில் நெடுஞ்சாலையை ஒட்டிக் கோட்டைச் சுவரிலேயே கோட்டை பைரவர். வண்டிக்காரர் தானாகவே நிறுத்துவார்.

அங்கிருந்து கானாடுகாத்தான் அரை மணி நேரத்துக்குள். செட்டிநாட்டு அரண்மனை ராஜா சர் அண்ணாமலை செட்டியார் குடும்பத்துடையது. உள்ளே பெரும்பாலும் விடமாட்டார்கள், வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்காக வருந்த வேண்டாம். அதே தெருக்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துவிடும் வீடுகள் உண்டு. 2014இல் இந்தச் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அதைக் கேட்டு வருகிறவர்கள் நாலைந்து வீட்டுக்குள் ஓடி ஓடிப் போய்ப் பார்ப்பார்கள். ஒரு வீடு போதும். ஆனால் அந்த ஒன்றைப் படிக்கத் தெரிய வேண்டும்.

தெருவாசலில் நில்லுங்கள். நிலைக்கதவின் மேலே கஜலட்சுமி இருப்பாள். கதவு முழுக்கத் திறந்திருந்தால் வாசல், வளவு, அடுத்த கட்டு, பின்வாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரியும். பின்பக்கத் தெரு வெளிச்சம் வரை. இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒரே வீடு. முதலில் முகப்பும் திண்ணையும். ஆண்கள் கணக்கு வழக்குப் பார்த்த இடம். அடுத்து வளவு: நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும், ஒரு பங்கு அறை. அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, பந்திக்கு. மூன்றாங்கட்டு, சமையலுக்கு. கடைசியில் கிணறும் கொல்லையும். தூண்கள் பர்மாத் தேக்கு, தரையில் இத்தாலியச் சலவைக்கல், சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த காசு எந்தெந்தக் கப்பலில் வந்தது என்பதை வீடே சொல்லும்.

சுவரை அனுமதி கேட்டு உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் குளுகுளுவென்று, கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும். சுண்ணாம்பைப் பல அடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவும் கடுக்காய்ச் சாறும் சேர்த்துத் தேய்த்த சுவர். கூரையில் நாட்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதும் குளிர்ச்சிக்குக் காரணம். முற்றத்தில் விழும் மழை முன்பு அண்டாக்களில் பிடிக்கப்பட்டது. மிச்சம் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போனது. செட்டிநாடு மழை குறைந்த சீமை. அரண்மனை மாதிரி வீடு கட்டியவர்கள் கூரைத் தண்ணீரையும் வீணாக்காமல் கட்டினார்கள்.

இங்கே நடந்துகொள்ள வேண்டிய முறை. காவல்காரரை 'அண்ணே' என்றும், வீட்டுப் பெரியவர்களை 'ஐயா', 'ஆச்சி' என்றும் கூப்பிடுங்கள். பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள் இருப்பார்கள். சாவி யாரிடமோ இருக்கும், சங்கடம் காவல்காரருக்கு. முன்னோர்களுக்குப் படைப்பு நடக்கும் அறை இருந்தால் வாசலோடு நின்றுவிடுங்கள், படமும் வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை ஊர் ஊராகச் சிதறிய குடும்பம் ஒன்றுகூடி, போய்ச்சேர்ந்தவர்களுக்கு இலை போட்டுச் சோறு படைக்கும் இடம் அது. புறப்படும்போது கட்டணம் போக, கூட வந்து காட்டியவருக்குத் தனியாக ஏதாவது கொடுப்பது வழக்கம்.

வீடு பார்த்து முடித்ததும் ஊருணிக்கரை. கானாடுகாத்தானில் மட்டுமல்ல, எந்தச் செட்டிநாட்டு ஊரிலும் ஒன்று இருக்கும். படித்துறையில் அரை மணி நேரம். குடிக்கும் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். பலகை இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

மதியச் சாப்பாடு பற்றி

வீட்டு விடுதிகளிலும் நல்ல மெஸ்களிலும் இலைச் சாப்பாட்டுக்கு முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். போய் நின்றால் கிடைக்காது. கறி, கோழி, நண்டு ரசம், உப்புக்கறி, கோலா உருண்டை எல்லாவற்றையும் இரண்டாம் நாள் மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை கோயில் இல்லை. அசைவம் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போக மனசு ஒப்பாமல், மாலைத் திட்டமே கெட்டவர்கள் உண்டு.

செட்டிநாட்டுச் சமையல் என்றால் காரம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கல்பாசி, மராட்டி மொக்கு மணமும் அளவான காரமும்தான் அதன் அழகு. அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் மண்டி, வெள்ளைப் பணியாரத்துக்கு வரமிளகாய்ச் சட்னி, கந்தரப்பம், கும்மாயம். இவற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் பரிமாறியவரிடம் எது பிடித்தது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். 'எல்லாம் சூப்பர்' என்றால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். 'மண்டி ரொம்ப நல்லா இருந்தது ஆச்சி' என்றால் பதிலுக்கு இன்னொரு கரண்டி வரும்.

ஆத்தங்குடி

மூன்று மணிக்கு மேல் ஆத்தங்குடி. பெரிய வீடு பார்க்க நன்றாக இருக்கும்தான். ஆனால் காலையில் ஒன்று பார்த்திருந்தால் இங்கே தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) செய்யும் பட்டறைக்கு நேரத்தைக் கொடுங்கள். ஒரு கல் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்யப்படுவதை நின்று பாருங்கள், சில நிமிடங்கள்தான்.

சதுர இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் பூவோ கட்டமோ உள்ள தகர அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணம் கலந்த சிமென்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுவார்கள். பிறகு அச்சை அலுங்காமல் செங்குத்தாகத் தூக்க வேண்டும். கை கொஞ்சம் ஆடினால் சிவப்பும் மஞ்சளும் கலந்துவிடும். உடனே மேலே உலர்ந்த மணல், சிமென்டுக் கலவையைத் தூவுவார்கள். இது ஏன் உலர்ந்ததாக இருக்க வேண்டும்? வண்ணக் குழம்பிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளத்தான். ஈரக் கலவையை நேரே போட்டால் வண்ணம் ஓடிவிடும். அதன்மேல் ஈரக் கலவை, சமப்படுத்துதல். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்தால் கண்ணாடி தானாக விட்டுக்கொள்ளும். சூளை கிடையாது, பாலிஷ் கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

வாங்குவதானால் இரண்டு கல்லை மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். முகத்தில் ஊசித்துளை இருந்தால் காற்றுக் குமிழ் நின்ற கல். வெள்ளை பூத்திருந்தால் சரியாக ஊறவில்லை. தேவைக்கு மேல் நூற்றுக்குப் பத்து சேர்த்து ஒரே தடவையில் வாங்குங்கள்; அடுத்த தடவை அதே நிறம் அமையாது. வீட்டில் பதித்தபின் ஆசிட் ஊற்றித் துடைக்கக் கூடாது, எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும், சிமென்டை அரித்துவிடும். துடைக்கும் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய். நடக்க நடக்க மெருகேறும்.

மூன்றாம் நாள்: மொட்டைமாடியும் பறவையும்

திரும்பும் நாள் என்பதால் மதுரைப் பக்கம் போகிறவர்களுக்கு ஏற்றபடி சொல்கிறோம். காலை ஏழு மணிக்குத் திருக்கோட்டியூர், திருப்பத்தூரைத் தாண்டி. ராமானுஜர் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்துவந்து திருமந்திரத்தின் (பெருமாளின் எட்டெழுத்து மந்திரத்தின்) பொருளைக் கேட்டுக்கொண்டு, யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையை மீறி, ஊரையே கூப்பிட்டு உயரத்தில் நின்று உரக்கச் சொன்ன இடம். அட்டாங்க விமானத்தின் குறுகிய படிகளில் ஏறினால் அடுக்கடுக்காகப் பெருமாளின் வெவ்வேறு கோலங்கள். மேலே ராமானுஜர், ஊரைப் பார்த்தபடி. படி இருட்டு, தலை இடிக்கும். பருமனானவர்களும் மூச்சுத் திணறல் உள்ளவர்களும் கீழேயே இருந்துவிடலாம்.

இங்கே மாசித் தெப்பத்தின்போது ஒரு வழக்கம். குளக்கரையில் விளக்கேற்றி வேண்டிக்கொண்டு, விளக்கை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். நினைத்தது நடந்தால் மறுவருஷம் இன்னொரு விளக்கோடு வந்து ஏற்றுவார்கள். அந்தச் சமயத்தில் வந்தால் கரை முழுக்க அகல். எந்த விளக்கு வேண்டுதல், எந்த விளக்கு நன்றி என்று பார்த்துச் சொல்ல முடியாது.

பத்து மணி வாக்கில், மழைக்குப் பிந்திய மாதங்களாக இருந்தால், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். அதை ஒட்டியிருக்கும் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பைனாகுலர் இருந்தால் நல்லது. சத்தம் வேண்டாம், பளீர் நிறச் சட்டை வேண்டாம், கண்மாய்க்கரையில் மர நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். கோடையில் கண்மாய் வற்றிக் கிடக்கும்; அப்போது போகவே வேண்டாம், திருக்கோட்டியூரிலேயே கூடுதல் நேரம் இருங்கள்.

கொண்டுபோக

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகள். இனாமல் கிண்ணம், பித்தளைத் தூக்கு, அஞ்சறைப்பெட்டி வாங்கலாம். சாமிச் சிலை எதையும் உரிய பத்திரம் இல்லாமல் வாங்காதீர்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் வருஷச் சட்டப்படி அனுமதி இல்லை. அந்தச் சிலை ஏதோ ஒரு ஊர் கும்பிட்ட சாமியாகவும் இருக்கும். கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்கள், சாயம் கொஞ்சம் இறங்கும். பனையோலைக் கொட்டான் ஒன்றும் எடுத்துக்கொள்ளலாம், எடையே இருக்காது.

ஒரு கிலோ கவுனி அரிசியும் வாங்குங்கள். வீட்டுக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு: ஒரு கப் அரிசியைக் கழுவி மூன்று கப் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டாதீர்கள், நிறமும் மணமும் அதில்தான். அதே தண்ணீரோடு குக்கரில் ஏழெட்டு விசில், பிறகு சிறு தீயில் பத்து நிமிடம். விரலால் நசுக்கினால் குழைய வேண்டும். குழையாவிட்டால் இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டு மறுபடி வேகவையுங்கள். சர்க்கரையை அதற்கு முன் போட்டுவிட்டால் அரிசி அப்படியே விறைத்துக்கொள்ளும். வெந்தபின் முக்கால் கப் சர்க்கரை, அரை கப் தேங்காய்த் துருவல், இரண்டு ஸ்பூன் நெய், ஏலக்காய். முதல் கிண்ணம் வீட்டைப் பார்த்துக்கொண்ட அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு.